பூட்டினால் மட்டும் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வரும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "விமானங்களுக்கு வழி சொல்லும் கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்ட் உண்டா சார்?" 2025 நவம்பர் 7 அன்று டெல்லி விமான நிலையத்தில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தவர்களில் அவருடைய மகனும் ஒருவர்.

உண்டு. ஆனால் அங்கே பூட்டுவது அவ்வளவு எளிதல்ல. தமிழில் இரண்டு விஷயங்களையும் 'பாதுகாப்பு' என்றே சொல்கிறோம். அந்நியர் நுழையாமல் காப்பது ஒன்று. வேலை நின்று உயிருக்கு ஆபத்து வராமல் காப்பது இன்னொன்று. இவை சில நேரம் ஒன்றுக்கொன்று மோதும். உங்கள் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரையைப் பூட்டிக்கொள்கிறது. நல்லதுதான். வானில் இரு விமானங்கள் நெருங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டாளரின் திரை அப்படிப் பூட்டிக்கொண்டால்?

டெல்லியில் அன்று கெட்டது, விமானங்களின் பயணத் திட்டங்களை அனுப்பித் தரும் தானியங்கிச் செய்தி அமைப்பு (ஏ.எம்.எஸ்.எஸ்.). ஊழியர்கள் அந்தத் திட்டங்களைக் கையாலேயே பதிந்தார்கள். 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. எரிச்சல்தான், ஆனால் வேகத்தை விட்டுக்கொடுத்து ஆபத்தைத் தவிர்த்தார்கள்.

2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரே பயணத் திட்டத்தில் 'டி.வி.எல்.' என்ற குறியீடு இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறித்தது. ஒன்று பிரான்சில், மற்றொன்று அமெரிக்காவில். குழம்பிய சாப்ட்வேர், தவறான தகவலை அனுப்புவதைவிட நிற்பதே மேல் என்று நின்றுவிட்டது. மாற்று கம்ப்யூட்டரிலும் அதே சாப்ட்வேர். அதுவும் நின்றது! எல்லாம் 20 விநாடிக்குள். வீட்டிலிருந்த பொறியாளரால் அங்கிருந்தபடி சரிசெய்ய முடியவில்லை. நேரில் வர ஒன்றரை மணி நேரம். போதாக்குறைக்கு, பாஸ்வேர்ட் விவரத்தை உடனே சரிபார்க்க முடியாமலும் நேரம் போனது. அந்நியரைத் தடுக்க வைத்த பூட்டு, உதவிக்கு வந்தவரையும் தடுத்துவிட்டது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் அவதிப்பட்டார்கள்.

அதற்காகப் பாஸ்வேர்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இத்தகைய அறைகளில் வாசலிலேயே காவலைக் கடுமையாக்கிவிட்டு, உள்ளே அவசர வேலைக்குத் தடை குறைவாக வைக்கலாம்.

பெரியவருக்கு இரண்டு வேலை கொடுத்தேன். பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வைத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பது. பைல்களின் நகலை அதே ஹார்டு டிஸ்க்கில் வைக்காமல் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து, காப்பி முடிந்ததும் கழற்றிவைப்பது. முதல் வேலையை அன்றே முடித்துவிட்டார். டிஸ்க் வாங்க ராஜபாளையம் போகவேண்டுமாம்.