ஜீன்ஸ் சைஸ் பார்க்க ஒரு வொர்க்ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் முயன்று பார்ப்பது இணையக் கடைகளில் பொருள் வாங்குவதைத்தான். புத்தகம், பென் டிரைவ் போன்றவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் பெண்களுக்கான ஜீன்ஸ் வாங்கும்போது, 30 என்று ஆர்டர் செய்தால் தொடையில் ஏறுவதில்லை. 32 என்று மாற்றி வாங்கினால் இடுப்பில் நிற்பதில்லை. திருப்பி அனுப்புவதிலேயே இரண்டு வாரம் போய்விடும். சில கடைகளில் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில் விழும். இதைத் தவிர்க்க, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமே போதும். அத்துடன் ஒரு பார்முலா அமைக்கவும் கற்றுக் கொள்ளலாம்.

ஏன் இந்தக் குழப்பம்?

ஆண்களுக்கான ஜீன்ஸில் 32 என்று இருந்தால், அது இடுப்புச் சுற்றளவை அங்குலத்தில் குறிப்பதாக எடுத்துக் கொள்வது வழக்கம். பெண்களுக்கான ஜீன்ஸில் 28, 30 என்றும் இருக்கும். 6, 8, 10 என்றும் இருக்கும். எம், எல் என்றும் இருக்கும். அமெரிக்காவில் 1939-40ல் அரசின் வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்து விவரம் சேகரித்தது. அதை அடிப்படையாக வைத்து 1958ல் பெண்கள் உடைக்கான அளவுத் தரம் ஒன்று வெளியானது. நிறுவனங்கள் அதைப் பின்பற்றுவதைக் கைவிட, 1983ல் அது திரும்பப் பெறப்பட்டது. வாங்குபவர் மனம் மகிழட்டும் என்று பெரிய ஜீன்ஸுக்குச் சிறிய எண்ணைப் போடும் பழக்கமும் வளர்ந்தது. இதற்கு வேனிட்டி சைஸிங் என்று பெயர்.

எனவே ஒரு கம்பெனியின் 30ம் இன்னொரு கம்பெனியின் 30ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கடையில் 30 போட்டவர் இன்னொரு கடையில் 34 வாங்க நேர்ந்தால், "குண்டாகி விட்டோமோ" என்று கவலைப்படத் தேவையில்லை. லேபிளில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, இன்ச் டேப் காட்டும் எண்ணை மட்டும் நம்பவும்.

எதை அளப்பது?

இரண்டு வகை அளவுகள் வேண்டும். முதலாவது உங்கள் உடல் அளவு. இடுப்பில் மிகக் குறுகலான இடத்தில் டேப்பைச் சுற்றி அளக்கவும். பக்கவாட்டில் சாய்ந்தால் எந்த இடம் மடிகிறதோ அதுதான் அந்த இடம். அடுத்து டெய்லர்கள் சீட் என்று சொல்லும் அளவு. கால்களைச் சேர்த்து வைத்து நின்று, பின்புறம் அதிகம் அகன்ற இடத்தில் சுற்றி அளக்கவும். டேப் இறுக்கமாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸின் அளவு. பட்டன், ஜிப் போட்டு, தரையில் சமமாக விரிக்கவும். இடுப்புப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து, இரண்டால் பெருக்கவும். ஜிப்பின் அடிப்பாகத்தை ஒட்டி சீட், கால்கள் சேரும் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே தொடை ஆகியவற்றையும் இதே போல அளந்து இரண்டால் பெருக்கவும். அந்தத் தையலிலிருந்து கீழ் விளிம்பு வரை காலின் நீளம். அதே தையலிலிருந்து பட்டையின் மேல் விளிம்பு வரை உள்ள உயரத்தைக் கடைப் பட்டியலில் ரைஸ் என்று போட்டிருப்பார்கள்.

வொர்க்ஷீட் அமைத்தல்

மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

1. ஏ1 முதல் இ1 வரை உள்ள செல்களில் சைஸ், இடுப்பு, சீட், இடுப்பு வித்தியாசம், சீட் வித்தியாசம் என்று தலைப்பு தரவும்.

2. ஏ2வில் "நான்" என டைப் செய்து, பி2வில் உங்கள் இடுப்பு அளவையும் சி2வில் சீட் அளவையும் தரவும். உதாரணமாக 31, 41 என்று வைத்துக் கொள்வோம்.

3. கடையின் தளத்தில், அந்த ஜீன்ஸ் படத்தின் அருகே உள்ள சைஸ் சார்ட் லிங்க்கில் கிளிக் செய்திடவும். அதில் உள்ள அளவுகளை மூன்றாவது வரிசையிலிருந்து டைப் செய்திடவும். உதாரணமாக 28 சைஸுக்கு 28, 37. 30க்கு 30, 39. 32க்கு 32, 41. 34க்கு 34, 43.

4. டி3 செல்லில் = அடையாளம் டைப் செய்து, பி3 செல்லில் கிளிக் செய்திடவும். பின் கழித்தல் குறி டைப் செய்து, பி2 செல்லில் கிளிக் செய்து, எஃப்4 கீயை ஒரு முறை அழுத்தவும். செல் பெயரில் $ அடையாளம் சேர்ந்திருப்பதைக் காணலாம். இப்போது என்டர் தட்டவும்.

5. மீண்டும் டி3 செல்லைத் தேர்ந்தெடுக்கவும். அதன் வலது கீழ் முனையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து, டி6 வரை இழுத்து விடவும். எல்லா வரிசைகளுக்கும் விடை கிடைக்கும்.

6. சீட் வித்தியாசத்திற்கு இ3 செல்லில் இதே போல சி3லிருந்து சி2வைக் கழிக்கவும்.

எஃப்4 அழுத்தியது ஏன்? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது செல் பெயர்களும் ஒவ்வொன்றாகக் கீழே நகரும். கடையின் அளவு அப்படி நகர வேண்டும். உங்கள் அளவு நகரக் கூடாது. $ அடையாளம் அதை அங்கேயே பூட்டி வைக்கிறது. சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

விடையைப் படிப்பது எப்படி?

மைனஸ் வந்தால் அந்த சைஸ் இறுக்கும். பெரிய எண் வந்தால் தொளதொளக்கும். நம் உதாரணத்தில் 30 சைஸுக்கு -1, -2 என வரும். 32க்கு 1, 0 என வரும். எனவே 32 வாங்கலாம். இடுப்புக்கு ஒரு சைஸும் சீட்டுக்கு வேறு சைஸும் பொருந்தினால், சீட்டுக்குப் பொருந்துவதை வாங்கவும். இடுப்பைப் பிடித்துத் தைப்பது டெய்லருக்குச் சின்ன வேலை. சீட்டில் துணி போதாவிட்டால் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

கவனிக்க வேண்டியவை

சார்ட்டில் உள்ளது உடல் அளவா, ஜீன்ஸின் அளவா என்று முதலில் பார்க்கவும். உடல் அளவு என்றால் உங்கள் உடல் அளவையும், ஜீன்ஸ் அளவு என்றால் பழைய ஜீன்ஸின் அளவையும் இரண்டாவது வரிசையில் தரவும். இரண்டையும் கலந்தால் விடை தவறும். இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் லோ ரைஸ் ஜீன்ஸின் பட்டை, உங்கள் இடுப்பு அளவைவிட அகலமாகத்தான் இருக்கும்.

சார்ட் சென்டிமீட்டரில் இருந்தால் அங்குலமாக மாற்றவும். ஒரு செல்லில் = டைப் செய்து, அளவுள்ள செல்லில் கிளிக் செய்து, /2.54 என டைப் செய்து என்டர் தட்டினால் போதும். 97 சென்டிமீட்டர் என்பது சுமார் 38.2 அங்குலம்.

துணி விவரத்தில் எலாஸ்டேன் அல்லது ஸ்பாண்டெக்ஸ் 2% என்று இருந்தால் துணி சற்று இழுபடும். ஓர் அங்குல இறுக்கம் பெரிதாகத் தெரியாது. 100% காட்டன் என்றால் அந்தச் சலுகை கிடையாது. துவைத்தால் சற்றுச் சுருங்கவும் செய்யலாம்.

பார்சல் வந்ததும் போட்டு, உட்கார்ந்து எழுந்து பார்த்த பின்னரே டேக்கை நீக்கவும். டேக் இல்லாத துணியைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை.

கன்ட்ரோல் + எஸ் அழுத்தி பைலைச் சேவ் செய்திடவும். கீழே கூட்டல் குறியில் கிளிக் செய்து, கடைக்கு ஒரு ஷீட் என வைத்துக் கொள்ளலாம். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு ஷீட் போட்டு, இரண்டாவது வரிசையை மட்டும் அவ்வப்போது அளந்து மாற்றவும். மற்ற விடைகள் எல்லாம் தாமாகவே மாறிவிடும்.