பெயரைக் காத்த எல்லைக்கல்

போர்ச்சுகல் தேசத்து டோரோ நதிக்கரை மதுவைப் பருகும்படி நாம் கூறவில்லை. அதன் பெயர் காக்கப்பட்ட விதத்தையே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ‘கிண்டா’ எனப்படும் தோட்டங்களில், செங்குத்தான பாறைச் சரிவைப் படிகளாக வெட்டித் திராட்சை பயிரிடுகின்றனர். அந்த அடர்சிவப்பு மதுவுக்கு இங்கிலாந்தில் கிராக்கி ஏறவே, சிலர் மட்டச் சரக்கில் எல்டர் பழச்சாறு கலந்து நிறமேற்றினர். 1750-களில் விலை சரிந்து குடியானவர்கள் தவித்தனர்.

1756-இல் அமைச்சர் பொம்பால் கம்பெனி ஒன்றை நிறுவினார். விளைநிலத்தைச் சுற்றிக் கருங்கற்கள் நட்டு எல்லை வகுக்கச் செய்தார். எல்டர் மரங்களை வேரோடு பிடுங்குவித்தார். அக்கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757-இல் போர்த்தோ நகரில் கலகம் செய்தோரைத் தூக்கிலிட்டது கொடுமையே.

நம் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர்ப் பழம் அப்பெயரில் பெட்டியேறாதவரை விலை நிற்கும். பீங்கான் நகராம் விருத்தாசலத்திலும், சங்க முத்திரையிடுமுன் வேட்டியின் இழையை நாம் எண்ணிப் பார்ப்பது இதனாலேயே.