ஒரு செல்போனும் நாற்பது பிள்ளைகளும்

புதிதாகப் பணி ஆணை வாங்கி அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் காட்டும் படங்களில் பிள்ளைக்கு ஒரு டேப்லெட் இருக்கும். நீங்கள் போய்ச் சேரும் பள்ளியில் அப்படி இருக்காது. பெரிய பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உண்டு. பல தொடக்கப் பள்ளிகளுக்கும் திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் பாடவேளையில் அங்கே வேறு வகுப்பு உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் கரண்ட் இருக்காது. நம்பி இறங்கக்கூடியது உங்கள் பையில் கிடக்கும் ஒற்றை செல்போன்தான். பிள்ளைகள் போன் கொண்டுவரத் தடை இருக்கிறது. அது நல்ல தடை என்பதே என் கருத்து. ஆக, நாற்பது பேருக்கு ஒரு போன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். எந்தப் பாடவேளையில், எதற்காகப் போனை எடுக்கப்போகிறீர்கள் என்று பாடக்குறிப்பேட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பெற்றோருக்கு நீங்கள் நடத்துவது ஒலிப் பாடமா, வாட்ஸப்பா என்று தெரியாது. "வாத்தியார் செல்ல நோண்டிக்கிட்டே இருக்காரு" என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பினால் அதை அடக்க ஒரு வருடம் ஆகும். பிள்ளைகளிடமும், போனை வெளியே எடுக்கும் முன், எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எடுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் பார்க்கும்படியே பைக்குள் வையுங்கள்.

2. இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். 2018 முதல் வந்த நம் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். அதை ஸ்கேன் செய்தால் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சிகளும் வரும். முந்தின இரவு வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் பாருங்கள். சில நன்றாக இருக்கும். சில, பாடநூலையே ஒருவர் வாசித்துக் காட்டுவது போலிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். வேண்டியதை மட்டும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். திரையில் ஒளிச்சேர்க்கை ஓடும்போது மேலே வங்கிக் கடன் தவணைச் செய்தி வந்து நின்றால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. நாற்பது பேர் ஆறங்குலத் திரையைச் சுற்றி முண்டியடிக்கக் கூடாது. தொலைக்காட்சியோ புரொஜெக்டரோ இருந்தால் ஒரு கேபிளில் இணைத்துவிடலாம். இல்லாத நாளில் வகுப்பை ஆறேழு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு போனிடம், மற்ற குழுக்கள் அதே பாடத்தில் வரைவது, அளப்பது, எழுதுவது என்று வேறு வேலையில். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். போனைக் கையாள்வது குழுவில் ஒருவர். அது எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற அதே பிள்ளையாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போதவில்லையா? ஒலிபெருக்கி வாங்கும் வரை, காலி எவர்சில்வர் டம்ளருக்குள் போனை நிறுத்திவையுங்கள். கொஞ்சம் கணகணவென்றுதான் கேட்கும், ஆனால் கடைசி வரிசைக்கும் எட்டும்.

4. கை முதலில், திரை பிறகு. நான் சொல்வதில் இது ஒன்றை மட்டுமாவது கேளுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலி தெரிந்திருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய வேலை அது; இலவசம்; நம் கணிதப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியில் இதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் அதைத் திறந்து, அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று காட்டினால், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான். முதலில் ஒவ்வொருவரையும் நோட்டில் ஓர் அரைவட்டம் போட்டு, விருப்பப்பட்ட இடத்தில் புள்ளி வைத்து, பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். ஒருத்திக்கு 88 வரும், ஒருவனுக்கு 91, இன்னொருவன் 90 என்று பக்கத்தில் பார்த்து எழுதுவான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஏன் எல்லாம் தொண்ணூறைச் சுற்றியே வருகிறது என்று அவர்களே சந்தேகப்பட ஆரம்பித்த பிறகு ஜியோஜீப்ராவைத் திறந்து, புள்ளியை வில்லின்மேல் இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். கோணம் அசையாது. அதற்கப்புறம் நிரூபணத்தை எழுதினால் ஒரு பிள்ளையாவது "அப்படியா சங்கதி" என்று நிமிர்ந்து உட்காரும்.

செங்கோட்டு மையமும் அப்படியே. விரிகோண முக்கோணத்தில் அது வெளியே போய்விடும் என்பதைப் பலகையில் ஒரு படம் போட்டுச் சொல்வதைவிட, முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, அது உள்ளிருந்து நழுவி, செங்கோணம் ஆகும்போது முனையிலேயே உட்கார்ந்து, பிறகு வெளியே போவதைப் பார்க்க வைக்க வேண்டும். சாக்பீஸால் முடியாதது இதுதான். சாக்பீஸால் முடிகிற எதற்கும் போனை எடுக்காதீர்கள்.

5. அறிவியல் ஆசிரியர்களே, உங்கள் கையில் இருப்பது ஓர் ஆய்வகம். போனுக்குள் ஒலிவாங்கி, முடுக்கம் அளக்கும் உணரி, பல போன்களில் காந்தப்புலம் அளக்கும் உணரி எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இந்த உணரிகளின் அளவீடுகளை அப்படியே நமக்குத் திறந்துவிடுகிறது.

அதில் ஒலியின் வேகத்தை அளக்கும் சோதனையை ஒன்பதாம் வகுப்பு எடுப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். இதற்கு இரண்டு போன் வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் இரவல் கேளுங்கள். இரண்டிலும், ஒரு சத்தத்துக்கு ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்துக்கு நிற்கும் கடிகாரத்தைத் திறந்து, நாடாவால் அளந்து ஐந்து மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் போனுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டு கடிகாரமும் ஓடும். ஆனால் தூரத்துப் போன் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும், ஏனென்றால் ஒலி அங்கே போய்ச் சேர வேண்டும். அடுத்து இரண்டாவது போனுக்குப் பக்கத்தில் நிற்பவர் தட்ட வேண்டும். இப்போது முதல் போன் தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரமும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், ஒலி ஐந்து மீட்டரைப் போக வர இரண்டு முறை கடந்த நேரம். பத்து மீட்டரை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வேகம். வித்தியாசம் ஏறத்தாழ 0.029 நொடி வரும். நம் ஊர் வெயிலில் விடை நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி வர வேண்டும்; புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், காற்றின் வெப்பநிலைக்குள் நுழைய அதுவே வாசல்.

வகுப்பறைக்குள் செய்தால் மின்விசிறிச் சத்தத்துக்கே கடிகாரம் ஓடிவிடும். செயலியில் ஒலி அளவின் வரம்பை உயர்த்திவிட்டு, சுவர் எதிரொலிக்காத மைதானத்துக்குப் போங்கள். முதல் நாலைந்து முறை சரியாக வராது. அந்த நாலைந்து முறைதான் பாடம் நடக்கும் இடம். அவசரப்பட்டு நீங்களே தட்டிக் காட்டிவிடாதீர்கள்.

6. செலவே இல்லாத ஒன்று. போன் திரையில் வெறும் வெள்ளையை வரவழைத்து, அதன்மேல் குண்டூசி முனையால் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி லென்ஸாகி, வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளைக் காட்டும். பிறகு செய்தித்தாளின் வண்ணப் படத்தை உருப்பெருக்கியில் காட்டுங்கள்; அங்கே இருப்பது வேறு நிறப் பொட்டுகள். திரையும் மையும் ஏன் வேறு வேறு நிறங்களை வைத்துக்கொள்கின்றன என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். டிவி ரிமோட்டின் முனையைப் போன் கேமரா வழியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மினுக்குவதையும் காட்டலாம். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள்.

7. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பேரும் "புரிஞ்சுது சார்" என்பார்கள். இந்தப் பொய்யை உடைக்கத்தான் பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைக்கு ஒரு தாள் அட்டை. அதில் கட்டம் கட்டமாகக் கறுப்பு உருவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் எதைச் சொன்னார் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துத் திருப்ப முடியாது. வழக்கமான தொகுப்பிலேயே நாற்பது அட்டை இருக்கிறது. தடிமனான தாளில் அச்செடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும்.

0.35, 0.4 இவற்றில் எது பெரிது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நாலை விட முப்பத்தைந்து பெரிது என்று பாதி வகுப்பு போகும். உடனே விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: நான்கு வண்ண அட்டையை வைத்துக்கொண்டு போன் இல்லாமலே இதில் முக்கால்வாசி செய்துவிடலாம். போன் கூடுதலாகத் தருவது பதிவு மட்டுமே. அந்தப் பதிவை மாலையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் அதனால் பயன்.

8. காணொளி மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டு, ஒரு பிள்ளையை நேர்முக வர்ணனை செய்யச் சொல்லுங்கள்.

9. தமிழ் ஆசிரியர்களுக்குப் போனில் உள்ள குரல் பதிவே போதும். வாசிப்பைப் பதிவுசெய்து அந்தப் பிள்ளைக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். ழகரமும் ளகரமும் தடுமாறுவதை நாம் பத்து முறை திருத்துவதைவிட, தன் குரலைத் தானே கேட்பது நன்றாக வேலை செய்யும். எல்லார் முன்னாலும் போடாதீர்கள், கூச்சப்பட்டு வாயையே மூடிக்கொள்ளும். வீட்டில் பாட்டியின் தாலாட்டை, தாத்தாவுக்குத் தெரிந்த நெல் பெயர்களை, ஊர்க் கண்மாயின் மடைகளுக்கு வழங்கும் பெயர்களைப் பதிவுசெய்து வரச் சொல்லலாம். வகுப்பில் அதைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது நல்ல மொழிப் பயிற்சி.

10. ஆனால் வீட்டுப்பாடத்தைப் போனில் தரும் முன் வீட்டை நினையுங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் காலம் முழுக்க, யார் படித்தார் என்பதை யார் வீட்டில் போன் இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இன்றும் பல வீடுகளில் ஒரே போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும். அக்கா கல்லூரியில் படித்தால் அவளுக்குத்தான் முதல் உரிமை. ஆகவே இன்று கொடுத்து நாளை கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை கொடுத்து அடுத்த வாரம் கேளுங்கள். போனே இல்லாத பிள்ளைக்கு அதே வேலையை நோட்டில் செய்ய ஒரு வழி வையுங்கள். யாரிடம் இல்லை என்று கை தூக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் நீளமாகத் தட்டச்சு செய்து போடுவதைவிடக் குரல் செய்தி அனுப்புங்கள். எழுத்து தெரியாத அம்மாவும் கேட்பார். மதிப்பெண்ணை மட்டும் குழுவில் போடவே கூடாது.

11. பிள்ளைகளின் முகத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். செய்த மாதிரியைப் படம் எடுங்கள், கைகளை எடுங்கள், முகம் வேண்டாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. புதிய செயலி எதுவானாலும் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போன் எண் கேட்டால் சந்தேகப்படுங்கள். பிளிக்கர்ஸ் போன்றவற்றில் வரிசை எண்ணே போதும்.

12. செயற்கை நுண்ணறிவிடம் வினாத்தாள் எழுதி வாங்குகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். வாங்குங்கள், தப்பில்லை. ஒரே கணக்கை ஐந்து விதமாகக் கேட்க அது நன்றாக உதவும். விடையை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள். சங்கப் பாடலை அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத பாடலைக் கட்டி, பாடியவர் பெயரையும் போட்டுக் கூசாமல் கொடுக்கும். மூத்த பிள்ளைகளுக்கு அதையே பாடமாக்கலாம்: அது எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்து, பாடநூலை வைத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

13. புதுப் போன் வாங்கினால் பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் தரும் ஐந்நூறு ரூபாயில் ஒன்றும் ஆகப்போவதில்லை. சொந்தப் படங்களை எல்லாம் அழித்து, சிம்மை எடுத்துவிட்டு, வகுப்புப் போனாக வைத்துக்கொள்ளுங்கள். ஜியோஜீப்ராவும் ஃபைஃபாக்ஸும் இணையம் இல்லாமலே ஓடும். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவைப் பதிவிறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத மலைக் கிராமத்திலும் பிள்ளைகள் தேடிப் படிக்கலாம். பாட்டரி உப்பி முதுகு வளைந்த போனை மட்டும் பள்ளிப் பக்கமே கொண்டுவராதீர்கள். நல்ல போனையும் சார்ஜில் போட்டபடி பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள்.