செம்புக் குடத்தின் மேல் பழி

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளில், சீராக வந்த செம்புத் தவலைகள் இன்னும் இரண்டாங்கட்டில் அடுக்கியிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வில்சன் நோய், ஈரலில் செம்பு தேங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், எல்லார் கண்ணும் அந்தத் தவலை மேல்தான் போகும். அதற்கு முன்பே, வாலிபப் பையன் என்றால், ‘ரகசியமாகக் குடித்திருப்பானோ’ என்ற பேச்சும் ஒரு சுற்று வந்திருக்கும்.

நம்பிக்கை: குடித்தால்தான் ஈரல் கெடும்.

பிறவியிலேயே ஒரு நொதி சரியாக அமையாவிட்டாலும் கெடும். கேலக்டோசீமியா உள்ள பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலின் சர்க்கரையே ஒத்துக்கொள்ளாமல் சில நாளில் மஞ்சள் காமாலை முற்றிவிடும். சாராயத்துக்கு இங்கே என்ன வேலை?

நம்பிக்கை: செம்புப் பாத்திரத் தண்ணீரால் வந்தது.

எவர்சில்வர் டம்ளரை விட்டு வேறு எதையும் தொடாத பிள்ளைக்கும் வில்சன் நோய் வரும். நாம் சாப்பிடும் உணவிலேயே செம்பு உண்டு. மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் அந்த வாசல் அடைபடும். செம்பு முதலில் ஈரலிலும் பிறகு மூளையிலும் சேரும். லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.

ஆனாலும் பாத்திரத்தைச் சந்தேகித்தவர்களை முழுக்கக் கேலி செய்ய முடியாது. கைக்குழந்தைகளின் ஈரலைச் சுருங்க வைத்த வேறொரு நோய் ஒருகாலத்தில் நம் நாட்டில் பரவலாக இருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பால் காய்ச்சி வைத்ததோடு அதற்குள்ள தொடர்பை 1980களில் புனே மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பாத்திரம் மாறியது, அந்த நோயும் அநேகமாக மறைந்தது. களிம்பு ஏறும் என்று ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாத ஆயாக்கள் கெட்டிக்காரிகள்தான். வில்சன் நோயாளியும் செம்புக் குடத்துத் தண்ணீரைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் நோயைக் கொண்டுவந்தது குடம் அல்ல.

நம்பிக்கை: கோயில் வேறு என்றால் ரத்தமும் வேறு.

வில்சன் நோய் போன்ற மரபணுப் பழுது என்றதும் சொந்தத்தில் கட்டியதா என்ற கேள்வி எழும். காரைக்குடி வட்டார நகரத்தார் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள்; அவற்றில் இளையாத்தங்குடிக்கு ஏழு பிரிவு. ஒரே பிரிவுக்காரர் பங்காளிகள். அதற்குள் பெண் எடுப்பதில்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் அது தகப்பன் வழியை மட்டுமே எண்ணுகிறது. மரபணுவில் பாதி தாயுடையது. அயித்தை மகனுக்கும் அம்மான் மகளுக்கும் கோயில் வேறாக இருக்கலாம். ஐயாவும் ஆயாவும் ஒன்றுதானே! இருவருக்கும் மரபணுக்களில் சுமார் எட்டில் ஒரு பங்கு பொது. அந்தப் பங்கில் ஒரு பழுது ஒளிந்திருந்தாலும் சுமப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார். இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று என்ற அளவில் நோய் வாய்ப்பு.

இதை ஒரு சமூகத்தின் தலையில் கட்ட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். அந்நியத்தில் கட்டிய வீட்டுக்கும் இந்த நோய் வருவதுண்டு.

நம்பிக்கை: நோயாளியின் தம்பி நன்றாகத்தானே ஓடியாடுகிறான், அவனுக்கு எதற்கு ஊசி?

அவனுக்கும் அதே நாலில் ஒன்று. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற கண் சோதனை ஆகியவற்றை அவன் ஓடியாடும்போதே பார்த்துவிட வேண்டும். நோய் இருந்தால் பெனிசிலமைனோ துத்தநாகமோ ஆயுளுக்கும். ‘தேறிவிட்டான்’ என்று மாத்திரையை நிறுத்திய பிறகு ஈரல் திடீரென்று செயலிழந்தவர்கள் உண்டு.