தம்பியின் நடைவண்டிக்குப் பால் பெயிண்ட்



எங்க தம்பிக்குப் பத்து மாசம். அவனுக்காக ஆசாரி தாத்தா புது நடைவண்டி செய்து கொடுத்தார். அப்பா உடனே பரணிலிருந்து பழைய சிவப்பு எனாமல் டப்பாவை இறக்கினார். "வேண்டாம்ப்பா" என்றேன். தம்பி எது கிடைத்தாலும் முதலில் கடித்துத்தான் பார்ப்பான். பழைய எனாமல்களில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்கள் கலப்பதுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எங்க டப்பா அதற்கும் மூத்தது!

"அப்ப நீயே பெயிண்ட் செய்" என்றார் அப்பா. செய்தேன்.

பாலையும் சுண்ணாம்பையும் கலந்து மரச்சாமான்களுக்குப் பூசுவது பல நாடுகளில் இருந்த பழைய வழக்கம். ஆடை நீக்கிய பால் 1 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு இருந்தால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. லேசாகச் சூடாக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் திரியும். துணியில் வடிகட்டி, புளிப்பு போக நன்றாக அலசிப் பிழியுங்கள். கையில் நிற்பதுதான் கேசீன் என்ற புரதம். அது வெறும் தண்ணீரில் கரையாது, காரத்தில் கரையும். பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு இரண்டு கரண்டி சேர்த்து அரைத்தேன். கட்டி கட்டியாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் வழவழன்னு பசையாகிவிட்டது!

(சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொடவே வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதிக்கும்.)

எனக்கு மஞ்சள் நிறம் ஆசை. மஞ்சள் தூளைப் போட்டேன். ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்து போச்சு! மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை என்று ஒரு சக்கரத்தில் மட்டும் பூசி வெயிலில் வைத்தேன். சில நாளில் வெளுத்துவிட்டது. பிறகு, வாசல்படிக்குப் பூசும் காவியைக் குழைத்துப் போட்டேன். அதன் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. வெயிலும் சுண்ணாம்பும் அதை ஒன்றும் செய்யாது. கலர் கோலப்பொடியைப் போட்டுவிடாதீர்கள், அதில் என்ன சாயம் இருக்கிறதோ!

முதலில் கெட்டியாகப் பூசினேன், காய்ந்ததும் வெடித்து உதிர்ந்தது. தண்ணீர் விட்டுத் தளர்த்தி இரண்டு முறை மெல்லிசாகப் பூசியதும் பிடித்துக்கொண்டது. வெறும் மரத்தில்தான் இது பிடிக்கும். செய்த அன்றே பூசிவிட வேண்டும். மிச்சத்தை நான் மறுநாள் திறந்தேன், வீடே நாறிப்போச்சு.

ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்சம் காவி ஒட்டியது. "தேங்காய் எண்ணெய் தடவு" என்றார் பாட்டி. ஆனால் அது காய்ந்து கெட்டியாகாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து படலமாக இறுகும். கடையில் 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்பு சேர்ப்பார்கள், அதனால் செக்கு எண்ணெயே வாங்கினோம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.

எண்ணெய் காய மூன்று வாரம் ஆனது. அதற்குள் தம்பி சுவரைப் பிடித்து நடக்கவே ஆரம்பித்துவிட்டான். இப்ப வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளுகிறான், நின்று கைப்பிடியைக் கடிக்கிறான், மறுபடி தள்ளுகிறான்.