குளிரும் குல்லாயும்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் பாதையில் ஏறுவோர், அடிவாரத்தில் வியர்வை துடைத்த துண்டையே மேலே சென்றதும் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வதைக் காணலாம். ஆயிரம் மீட்டர் உயருந்தோறும் காற்றின் வெம்மை ஏறக்குறைய 6 பாகை குறைகின்றது. சின்னமனூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களோ ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் உள்ளன. ஆகவே ஒரு காலைப்பொழுதின் பயணத்திற்குள்ளேயே ஆறேழு பாகை வேறுபாட்டை நம் உடல் தாங்க வேண்டியதாகின்றது. இதற்கு அஞ்சி மாணவர் சிலர் உள்ளே உரோமம் வைத்துத் தைத்த குல்லாய்களை வாங்கி அணிந்து செல்கின்றனர். அவ்வாறு சென்ற ஒருவர், மணலாற்றுப் பக்கத்து மூடுபனியில் அக்குல்லாய் நனைந்தபின், நனைந்த பூனைக்குட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டது போலிருந்தது என்று எம்மிடம் கூறினார். அவர் சின்னாட்களில் மருத்துவக் கல்வியின் பொருட்டு ரஷ்ய நாட்டிற்குச் செல்லவிருப்பவர். "மேகமலைக்கே உதவாத குல்லாய் ரஷ்யாவிற்கு எங்ஙனம் உதவும், ஐயா?" என்பது அவர் வினா. அவருக்கு அப்போது கூறிய விடையைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

குல்லாய் தானாக வெம்மையை உண்டாக்குவதில்லை. வெம்மையை உண்டாக்குவது நாம் உண்ட சோறு. குல்லாய் அதனை வெளியே விடாது காக்கும் காவலன் மாத்திரமே. அக்காவலைச் செய்வதும் உரோமமன்று. உரோமங்களுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே அதனைச் செய்கின்றது. அசையாத காற்று வெம்மையை மிக அரிதாகவே கடத்தும். பொதினி மலைத் தலைவனாகிய பேகன், குளிரால் நடுங்கிற்றென்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற செய்தி. வள்ளலின் அருளை நாம் குறை கூறவில்லை. எனினும் அம்மயில் அவன் போர்வையினும் சிறந்ததொன்றை முன்னரே அணிந்திருந்தது. பறவைகள் குளிர்காலத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பருத்துத் தோன்றுவது, அவ்விறகுகளினிடையே மிகுதியான காற்றை அடைத்துக்கொள்ளுதற்பொருட்டேயாம்.

இனி, அக்காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்தால் நிகழ்வது யாது? நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு மிகுதியாக வெம்மையைக் கடத்தும். நனைந்த உரோமம் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், காற்றறைகள் அழியும், காவலனே கள்வனுக்குக் கதவு திறந்தவனாகிவிடுகின்றான். மேகமலையின் குளிர் ஈரக்குளிர். அங்கே வானத்திலிருந்து வெண்பனி பொழிவதில்லை. முகில்தான் நிலத்திற்கு இறங்கி வந்து நம்மை நனைக்கின்றது. நம் மொழியில் புல்லின்மேல் நிற்கும் துளியும் பனி. கண்ணை மறைக்கும் புகை போன்றதும் பனி. இமயத்தில் பொழிந்து உறைவதும் பனி. சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே என்று மயங்கிக் குல்லாய் வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

ஈரக்குளிருக்கு ஏற்றது கம்பளி. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்தது போலத் தோன்றாதிருக்கும். நனைந்த பின்னும் அதன் சுருள்கள் முழுதும் படிந்துவிடுவதில்லை. மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போர் இதனை ஏட்டில் கற்று அறிந்தாரல்லர். கம்பளியையோ சாக்கையோ கூம்பாக மடித்துத் தலைமேல் இட்டுக்கொள்ளும் கொங்காணி அவர்களிடம் நெடுங்காலம் வழங்கிற்று. பிற்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பு அதன் இடத்தைப் பெற்றது. மேகமலைக்குச் செல்வோர் இரண்டு கம்பளிக் குல்லாய்களும், மேலே மழை தாங்கும் முக்காடு ஒன்றும் கொண்டு செல்வராயின் அதுவே போதும். ஒன்று நனைந்தால் மற்றொன்று இருக்கும். நம்மவர் 'மங்கி குல்லா' என்று நகைக்கும் முகமூடிக் குல்லாயை நாம் நகைக்கமாட்டோம். காதையும் கழுத்தையும் ஒருங்கே காப்பதில் அதற்கு நிகரானது அவ்விலைக்கு வேறில்லை.

உரோமக் குல்லாய்க்கு உரிய இடம் நீர் முற்றும் உறைந்துபோன உலர்குளிர் நாடு. அங்கே நனைக்கும் மழையில்லை. விழும் பனித்துகளைத் தட்டிவிட்டால் உதிர்ந்துபோம். கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு அந்நாடுகளோடு என்ன தொடர்பு என்று கேட்பார் உளராயின், 2016-ஆம் ஆண்டை நினைக்க வேண்டுகின்றோம். அவ்வாண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், 19,600 அடி உயரத்துக் காவல்நிலையின்மேல் பனி சரிந்து மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர் புதையுண்டனர். ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் 11-ஆம் நாள் மறைந்தார். அப்பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டார். ஒருவர் தேனி மாவட்டத்துக் குமணன்தொழுவினர். அவர்களை மாய்த்தது பனிச்சரிவு. எக்குல்லாயும் அதனைத் தடுத்திராது. எனினும், வெயிலில் வளர்ந்த நம் ஊர் இளைஞர் எத்தகைய குளிருக்குள் சென்று நிற்கின்றனர் என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று. படைவீரர்க்கு அரசு உடை வழங்கும். கல்விக்கும் தொழிலுக்கும் செல்வோரோ தாமே தெரிந்து வாங்க வேண்டியவராவர்.

தவறான குல்லாயின் விலையை ஒரு பெரும்படையே செலுத்தியதுண்டு. 1939-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சோவியத்துப் படை பின்லாந்தின்மேல் படையெடுத்தபொழுது, அதன் வீரர் பலர் கூர்முனையுடைய கம்பளித் துணிக் குல்லாய் அணிந்திருந்தனர். காண்பதற்கு அது மிடுக்கானது; அக்கடுங்குளிருக்கோ போதவில்லை. எதிரே நின்ற பின்லாந்து வீரரிடம் செவிமடல் வைத்த உரோமக் குல்லாய் இருந்தது. போர் முடிந்த 1940-ஆம் ஆண்டிலேயே சோவியத்துப் படை தன் குல்லாயை மாற்றி, 'உஷாங்கா' எனப்படும் செவிமடற் குல்லாயைக் கைக்கொண்டது. ரஷ்ய மொழியில் செவியைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். வெம்மையான நேரத்தில் மடல்களை உச்சிமேல் கட்டிக்கொள்ளலாம். காற்று வீசும்போது இறக்கி மோவாயின்கீழ் கட்டலாம்.

செவிக்கு ஏன் இத்துணைச் சிறப்பு எனின், அது மெல்லிய தகடு போன்ற உறுப்பு. இருபுறமும் காற்றில் நிற்பது. அடியில் கொழுப்போ தசையோ இல்லாதது. ஆதலின் மூக்கு, விரல் நுனிகளோடு செவியே பனிக்கடிக்கு முதலில் இரையாகின்றது. காற்று வீசின் இடர் பன்மடங்காகும். பூஜ்யத்துக்குக் கீழ் 20 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவோடு காற்று வீசுமாயின், திறந்த தோல் பூஜ்யத்துக்குக் கீழ் 33 பாகைக்குரிய குளிரில் இருப்பது போலவே வெம்மையை இழக்கும். செவி வெளுத்து உணர்வற்றுப் போயின், அதனைத் தேய்த்தலும் பனிக்கட்டியால் உரசுதலும் பெருந்தவறு. வெம்மையான இடத்திற்குச் சென்று, உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மருத்துவரை நாடுக.

உடல் வெம்மையில் பாதி தலை வழியே போய்விடுகின்றது என்று கடைக்காரரும் ஆசிரியருங்கூடக் கூறுவர். அமெரிக்கப் படையின் 1970-ஆம் ஆண்டுக் கையேடு ஒன்று இக்கருத்தைப் பரப்பிற்று. தலை உடற்பரப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே; வெம்மையிழப்பும் அவ்வளவினதே. குல்லாய் நன்றாயிருக்கின்றது என்று மேற்சட்டையைக் குறைப்பவர் இதனை மறவாதிருப்பாராக.

இனிக் கடைக்குச் செல்வோம். முதற்கண் குல்லாயைத் திருப்பி உள்ளே பார்க்க வேண்டும். நெற்றிப்பட்டையிலும் மடலின் வெளிப்புறத்திலும் உரோமம் செழித்திருக்க, உள்ளே மெல்லிய பருத்தித் துணி மாத்திரம் தைத்திருக்கும் குல்லாய்கள் மிகுதி. அவை பார்ப்பவர்க்கு வெம்மை தருவன, அணிபவர்க்கன்று. உச்சியிலும் மடலின் உட்புறத்திலும் உரோமம் இருத்தல் வேண்டும். பின்னர் உரோமத்தின்மேல் வாயால் ஊதுக. நீண்ட மயிர்கள் விலகும்போது அடியில் குறுகிய பஞ்சு போன்ற மயிர் அடர்ந்து தோன்றின் அது நல்லது; காற்றை அடைப்பது அவ்வடி மயிரே. விலகிய இடத்தில் தோல் தெரிந்தால் இயற்கை உரோமம். நெய்த துணி தெரிந்தால் செயற்கை. செயற்கையென்று தள்ளிவிட வேண்டா. அடர்த்தியாயிருப்பின் மிதமான குளிருக்கு அது போதும். நனைந்தாலும் விரைவில் உலரும்.

இயற்கையானவற்றுள் முயலுரோமம் மென்மையும் மலிவும் உடையது. ஆனால் எளிதில் உதிரும். இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் விற்பவர் உரைக்கு விடை கிடைக்கும். ஆட்டுமயிரைத் தோலோடு பதப்படுத்திச் செய்த குல்லாய் சிறிது கனமானது; எனினும் பல்லாண்டு உழைக்கும், காற்று அதன் தோலைக் கடந்து புகாது. எம் கருத்தில் மாணவர்க்கு அதுவே தக்கது. நரி, நீர்நாய் போன்ற காட்டு விலங்குகளின் தோலை நம் நாட்டில் விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானவை என்பதையும் நினைவிற் கொள்க. உணவுக்கு வளர்க்கும் ஆடு தரும் வெம்மைக்கு மேல் நமக்கு வேண்டியதில்லை.

அளவு எடுக்கும்போது புருவத்திற்கு மேலும் பிடரியின் புடைப்பின்மீதும் நாடாவைச் சுற்றி அளத்தல் வேண்டும். ரஷ்யக் கடைகளில் குல்லாயின் எண் அச்சுற்றளவின் சென்டிமீட்டரேயாம். இறுக்கமான குல்லாய் உரோமத்தை நசுக்கிக் காற்றை வெளியேற்றும். ஆகவே உள்ளே மெல்லிய கம்பளிக் குல்லாய் அணியும் பழக்கமுடையோர் அதனை அணிந்துகொண்டே அளக்கட்டும். மடல் செவியின் தொங்கலைக் கடந்து தாடை வரை வருகின்றதா, கையுறையோடு கயிற்றை முடிய இயலுகின்றதா, கன்னத்தில் படும் இடத்தில் உலோகக் கொக்கி உண்டா என்பவற்றையும் காண்க. உறைகுளிரில் உலோகம் தோலைச் சுடும்.

அங்குச் சென்றபின் விரைந்து நடக்கும்போது மடலை உயர்த்திவிடுக, வியர்வையும் நீரே. நனைந்ததை உதறி நிழலில் உலர்த்துக. அடுப்பருகே வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால் அதனை மேகமலைக்கு எடுத்துச் செல்லாமல், நன்கு உலர்ந்தபின் வேப்பிலையோடு துணிப்பையிலிட்டுப் பெட்டியில் வைத்து, திங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறிப் பார்க்குமாறு வீட்டாரிடம் சொல்லுக. நம் ஊர் அந்துப்பூச்சிக்கு உள்ளூர் வெளியூர் என்னும் வேற்றுமை கிடையாது.