களத்தைக் காத்த வீரர்

கோடைக்காலத்தில் திருவரங்கத்தின் வடபால் உள்ள கொள்ளிடத்தில் நீர் வற்றி, மணற்பரப்பு வெளிப்படும். அத்தகைய மணலிலே கிரிக்கெட்டு ஆடும் சிறுவரைக் கண்டிருப்பீர்கள். மட்டை பிடிக்க யாவரும் முந்துவர்; பந்து வீசவும் பலர் விழைவர்; வெயிலில் நின்று பந்தைத் தடுக்கவோ எவரும் விரும்பார். எவரும் விரும்பாத அப்பணியையே தமக்குப் பெருமை தரும் கலையாக்கிக் கொண்டவர் ராபின் சிங்.

இவர் 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டிரினிடாடில் பிறந்தார். இவருடைய முன்னோர் இந்தியாவிலிருந்து அங்குச் சென்று குடியேறியவர். இளமையில் சென்னைக்கு வந்த ராபின் சிங், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்று, 1987-88-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதற்குத் துணைநின்றார்.

1989-இல் இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவ்வாட்டம் அவர் பிறந்த தீவிலேயே நடைபெற்றது. எனினும், இரண்டு ஆட்டங்களுக்குப் பின் அவர் விலக்கப்பட்டார். மீண்டும் அழைப்பு வர ஏழாண்டுகள் கழிந்தன. இடைக்காலத்தில் அவர் மனம் தளர்ந்து ஆட்டத்தைக் கைவிட்டாரில்லை. 1996-இல் மீண்டும் அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 33. பலர் ஓய்வை எண்ணும் அவ்வயதில் தொடங்கி, 2001 வரை ஆடினார். ஒருநாள் ஆட்டங்கள் 136-இல் 2,336 ஓட்டங்களும் 69 விக்கெட்டுகளும் பெற்றார்.

ஆயினும், அவருடைய தொண்டின் பெரும்பகுதி இவ்வெண்களுள் அடங்காது. மட்டையாளருக்கு அண்மையில், உள்வட்டத்தில் நிற்பது அவர் வழக்கம். அங்கு நிற்பவர், பந்து வீசப்படும்போதே சில அடிகள் முன்னேறி, உடலைத் தாழ்த்தி ஆயத்தமாதல் வேண்டும். பந்து பறந்து வரும், சிந்திக்க நேரமிராது. பாய்ந்து அதனைப் பற்றி, நொடியில் ஸ்டம்பை நோக்கி எறிதல் வேண்டும். இங்ஙனம் தடுக்கப்பட்ட ஓட்டங்களைக் குறிக்க ஆட்டக் கணக்கில் இடமில்லை. ஆனால், தடுத்த ஓர் ஓட்டம் அடித்த ஓர் ஓட்டத்திற்கு நிகரன்றோ?

இவ்வுண்மையைப் பிற நாட்டார் முன்னரே உணர்ந்திருந்தனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சிறப்புற்ற பேஸ்பால் ஆட்டத்தில், பந்தைப் பற்றி எறியும் திறனுக்கு மிகுந்த பயிற்சி அளிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டு அணி, மைக் யங் என்னும் பேஸ்பால் பயிற்சியாளரையே வரவழைத்துக் கற்றது. இந்திய அணியும் 2007-இல் ராபின் சிங்கைக் களத்தடுப்புப் பயிற்சியாளராக நியமித்தது. தாம் தனியே பயின்ற கலையை இளைஞர்க்கு அவர் கற்பித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கு நகரில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. இந்தியா 157 ஓட்டங்கள் எடுத்திருந்தது. பாக்கிஸ்தானின் இம்ரான் நசீர் 14 பந்துகளில் 33 ஓட்டங்கள் குவித்து அச்சுறுத்தினார். அவ்வேளையில் ராபின் உத்தப்பா எறிந்த பந்து நேராகச் சென்று ஸ்டம்பைத் தாக்கியது; நசீர் ஆட்டமிழந்தார். முடிவில் இந்தியா வென்றது ஐந்தே ஓட்டங்களில்! களத்தில் காத்த ஒவ்வோர் ஓட்டத்தின் மதிப்பையும் அன்று யாவரும் உணர்ந்தனர்.

2009 வரை அப்பொறுப்பில் இருந்த ராபின் சிங், 2010-இல் மும்பை இந்தியன்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்வாண்டு அவ்வணியில் ஆடியவருள் ஒருவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராஜகோபால் சதீஷ். அவரும் களத்தடுப்பில் பெயர் பெற்றவரே. காவிரிக் கரையில் பிறந்தாரும் கடல் கடந்த தீவில் பிறந்தாரும் ஒரே கலையால் ஓரணியில் ஒன்றுபட்டனர்.

பிறர் புகழும் பணியைச் செய்ய எவரும் முன்வருவர். கணக்கில் ஏறாத பணியையும் குறைவறச் செய்து, அதனைப் பிறர்க்கும் கற்பிப்பவரோ சிலரே. அத்தகையோரின் உழைப்பே வெற்றிக்கு அடிப்படையாகும். நீங்களும் அடுத்த முறை ஆடுகளத்தில் நிற்கும்போது, பந்து உங்களை நோக்கி வரும் என்றே எண்ணி நில்லுங்கள்.